நிமிடத்துக்கு அறுநூறு கன அடி

அந்தக் கணக்கு ஒன்றும் பெரிய கணக்கல்ல. அறையின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் பெருக்கினால் அதற்குள் எவ்வளவு காற்று அடங்கும் என்று தெரிந்துவிடும். அந்தக் காற்று மணிக்கு எத்தனை தடவை மாற வேண்டுமோ அந்த எண்ணால் அதைப் பெருக்க வேண்டும். அறுபதால் வகுத்தால், நிமிடத்துக்கு எவ்வளவு காற்றை வெளியே தள்ள வேண்டும் என்பது வந்துவிடும். மோட்டார் வைண்டிங் கடை வைத்திருந்த அந்த மனிதர் இதைச் சாப்பிட்டுக்கொண்டே, கண்டென்சர் வந்த அட்டைப்பெட்டியின் பின்பக்கத்தில் போட்டுப் பார்த்தார்.

"நீளம் இருபது அடி. சரியா அளந்தியா?"

"ஃபைல் கட்டுற நாடாவ வெச்சு அளந்தேங்க. இருபதுக்கு ஒரு விரக்கடை கம்மி" என்றாள் மனைவி. சொல்லி முடிப்பதற்குள் இரண்டு தடவை இருமினாள்.

இருபது, பதினைந்து, பத்து. மூவாயிரம் கன அடி. மணிக்குப் பன்னிரண்டு தடவை மாறினால் முப்பத்தாறாயிரம். அறுபதால் வகுத்தால் அறுநூறு.

"நிமிஷத்துக்கு அறுநூறு கன அடி. வெளிய போற குழாய் மேல ஏறித் திரும்புற இடத்துல காத்து கொஞ்சம் இளைக்கும். எழுநூறு தள்ளுற ஃபேனா மாட்டிடலாம். கதவுக்கு அடியில ரெண்டு இஞ்சு அறுத்து விடணும். வெளிய போற அளவுக்கு உள்ள வர வழி வேணுமில்ல? அரை நாள் வேலை."

"எங்க ஆபீஸ்ல அரை நாள்ல கையெழுத்துப் போட பேனா கூட கிடைக்காது."

அவள் ஓர் அரசு அலுவலகத்தின் பதிவறைக் காப்பாளர். பதிவறை தரைக்குக் கீழே இருந்தது. முன்பு அதற்கு ஒரு சன்னல் இருந்ததாம். கோப்புகளின் பாதுகாப்புக்காக அதைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டார்கள். வாரக் கடைசியில் கோப்புகளுக்குப் பூச்சி மருந்து அடிப்பார்கள். கோப்புகளில் இருந்த பூச்சிகள் எப்படியோ பிழைத்துக்கொண்டன. வாரத்தின் முதல் நாள் காலையில் கதவைத் திறந்து உள்ளே போகிறவள் அவள் ஒருத்திதான். கதவைத் திறந்து வைக்கவும் முடியாது. தீத்தடுப்புக் கதவு, எப்போதும் மூடியிருக்க வேண்டும் என்று அதன் மேலேயே எழுதியிருந்தது. பத்தொன்பது வருடங்களாக மூக்கில் ஒரு கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு அவள் அங்கே வேலை பார்த்தாள். வேறு பிரிவுக்கு மாற்றக் கேட்டபோது, எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்பது அவளுக்கு மட்டுமே தெரியும் என்ற காரணத்தால் மறுத்துவிட்டார்கள். அது உண்மைதான். யார் வந்து எந்த வருடத்துத் தாளைக் கேட்டாலும் இரண்டு நிமிடத்தில் எடுத்துத் தருவாள்.

"நீ பேசாம வேலைய விட்டுடும்மா" என்று அவர் பல தடவை சொல்லியிருந்தார்.

"விட்டுட்டா? காணாம போன தாளத் தேடிக்கிட்டு வயசானவங்க படியேறி இறங்குவாங்க. ஃபேன் ஒண்ணு மாட்டிட்டா எல்லாம் சரியாயிடும்."

அவள் மனு எழுதினாள். அட்டைப்பெட்டிக் கணக்கையும் அழகான கையெழுத்தில் நகலெடுத்து இணைத்தாள்.

பதினெட்டாம் நாள் கட்டடப் பராமரிப்புத் துறையின் காற்றோட்டப் பிரிவிலிருந்து பதில் வந்தது. எக்ஸாஸ்ட் ஃபேன் என்ற பொருள் துறையின் பட்டியலில் இல்லை, அதன் பெயர் வெளியேற்று விசிறி. காற்றைக் கணக்கிடும் அதிகாரம் பிரிவுக்கு மட்டுமே உண்டு, பணியாளரோ அவரது கணவரோ கணக்கிட்ட காற்று செல்லாது. இணைப்பில் உள்ள படிவத்தை நிரப்பி அனுப்பவும்.

படிவத்தின் ஏழாவது கேள்வி: விண்ணப்பதாரருக்குக் குறைவாகக் கிடைக்கும் காற்றின் அளவு என்ன? (கன அடியில்.)

அவள் "தெரியவில்லை, மூச்சு முட்டுகிறது" என்று எழுதினாள். அளவு குறிப்பிடப்படவில்லை என்று படிவம் திரும்பி வந்தது. அவள் "அறுநூறு" என்று எழுதினாள். கணக்கிடும் அதிகாரம் விண்ணப்பதாரருக்கு இல்லை என்று மறுபடியும் திரும்பி வந்தது. மூன்றாவது தடவை ஒரு கோடு மட்டும் போட்டு அனுப்பினாள். ஏற்றுக்கொண்டார்கள்.

நான்காம் மாதம் அளவர் வந்தார். நல்ல மனிதர். நாடாவை நீட்டி அறையை அளந்து, மூவாயிரம் என்று எழுதிக்கொண்டு போனார். அதைப் பார்த்த பிரிவுத் தலைவர் வருத்தப்பட்டார். அன்று விவரம் கேட்கப் போயிருந்த வைண்டிங்காரரை எதிரே உட்கார வைத்து விளக்கினார். தலைவரின் அறையில் மூன்று சன்னல்கள் இருந்தன. மூன்றும் திறந்திருந்தன. மேசை மேலிருந்த தாள்கள் பறக்காமலிருக்க அவர் ஒரு கையை அவற்றின் மேல் வைத்துக்கொண்டே பேசினார்.

"ரூமுக்குள்ள அலமாரி இருக்கில்ல?"

"இருக்கு சார்."

"அலமாரி இருக்கிற இடத்துல காத்து இருக்குமா?"

"இருக்காது சார்."

"அப்ப இல்லாத காத்த எதுக்கு வெளிய தள்ளணும்? நீங்க வெளியாளு, மொத்தமா பெருக்கிடுவீங்க. நாங்க பொதுப் பொருளுக்குப் பொறுப்பானவங்க. ஒரு கன அடி காத்தக்கூட வீணா வெளிய விட முடியாது."

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. கெட்ட காத்துதானே? வெளிய போனா என்ன நஷ்டம்?"

"கெட்ட காத்துன்னு யாரு சர்டிபிகேட் குடுத்தது?"

அளவர் மறுபடியும் வந்தார். அலமாரிகளை அளந்தார், மேசையை அளந்தார், கோப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து அளந்தார். இரண்டு மாதம் ஆனது. அலமாரிகளை நகர்த்தியதில் எழுந்த தூசியில் அவரும் இரும ஆரம்பித்தார். அவருக்கு ஒன்பது நாள் மருத்துவ விடுப்பு கிடைத்தது. கடைசியில் கழித்ததெல்லாம் போக ஆயிரத்து நூற்று இரண்டேகால் கன அடி மிஞ்சியது.

"இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கும்மா" என்றார் அளவர், அவள் முகத்தைப் பார்க்காமல். "உங்களையும் கழிக்கணுமாம்."

"என்னையா? என்னை எப்படி அளப்பீங்க?"

"எடை சொன்னா போதும்மா. கிலோவுக்கு ஒரு லிட்டர்."

அவள் அறுபத்திரண்டு கிலோ. இரண்டேகால் கன அடி. கழித்தபின் மீதி சுத்தமாக ஆயிரத்து நூறு வந்தது. முழு எண் வந்ததில் பிரிவுக்குப் பெரிய திருப்தி.

அன்று வீட்டுக்கு வந்து கணவரிடம் சொல்லிச் சிரித்தாள். "ஏங்க, நான் ரெண்டேகால் கன அடியாம். கல்யாணத்துக்கு முன்னாடி எங்க வீட்டுல இதெல்லாம் உங்களுக்குச் சொல்லலியா?"

அவர் சிரிக்கவில்லை. மறுநாள் காலையில் கடையிலிருந்த எழுநூறு கன அடி ஃபேனை எடுத்துத் துடைத்தார். பேரிங்குக்கு எண்ணெய் விட்டு, தோளில் வைத்துக்கொண்டு நேராக அலுவலக வாசலுக்குப் போனார்.

வாட்ச்மேன் மறித்தார். "என்னய்யா அது?"

"எக்ஸாஸ்ட் ஃபேன். பதிவறைக்கு. என் சொந்தச் செலவுல மாட்டிட்டுப் போயிடுறேன்."

"உள்ள போற பொருளுக்குச் சீட்டு இருக்கா?"

"இது உள்ளதான் இருக்கும். காத்தத்தான் வெளிய தள்ளும்."

"வெளிய போறதுக்கும் சீட்டு வேணும்யா."

அனுமதியின்றிக் கொண்டுவரப்பட்ட அயல்பொருள் என்று ஃபேனைக் கைப்பற்றினார்கள். துணியில் சுற்றி அரக்கு முத்திரை வைத்தார்கள். கைப்பற்றிய பொருள்களைப் பத்திரமாக வைக்க வேண்டிய இடம் எது என்று விதிப்புத்தகத்தைப் புரட்டினார்கள். பதிவறை என்று இருந்தது.

ஆகவே ஃபேன் அவளிடமே போய்ச் சேர்ந்தது. அவள்தான் அதற்கு அட்டை எழுதிக் கட்டினாள். மின் விசிறி, ஒன்று, இயங்கும் நிலை. தன் மேசையின் மேலேயே அதை வைத்துக்கொண்டாள். முத்திரையை உடைத்தால் வேலை போகும், வழக்கும் வரும். தினமும் காலையில் அதன் மேல் படிந்த தூசியைத் தட்டிவிட்டு வேலையைத் தொடங்கினாள்.

"உங்க ஃபேன் சௌக்கியமா இருக்குங்க" என்பாள் சாயங்காலம் வந்து. "மருந்து வாடைக்கு அதுக்கு மட்டும் இருமலே வரல."

இதற்கிடையில் ஆயிரத்து நூறு கன அடி என்ற கணக்கு மேலிடத்துக்குப் போயிருந்தது. மணிக்கு எத்தனை தடவை காற்று மாற வேண்டும் என்பதற்கு ஓர் அட்டவணை உண்டு. அதிகாரிகள் அறைக்குப் பன்னிரண்டு. எழுத்தர்கள் கூடத்துக்கு ஆறு. பதிவறை என்பது பொருள் வைக்கும் இடம், மனிதர் தங்கும் இடமல்ல, ஆகவே அதற்கு மாற்றமே கிடையாது. அப்படியானால் பத்தொன்பது வருடங்களாகக் காலை பத்து மணி முதல் மாலை ஆறு மணி வரை அங்கே இருப்பவர் யார் என்று வைண்டிங்காரர் எழுதிக் கேட்டார். "அறைக்கு வந்துபோகிறவர்" என்று பதில் வந்தது. வந்துபோகிறவர்களுக்கு, தலைக்கு நிமிடத்துக்கு இருபது கன அடி என்ற விகிதத்தில் காற்று அனுமதிக்கலாம். ஒருவர் என்பதால், ஒன்று பெருக்கல் இருபது, சமம் இருபது. ஆனால் துறையின் பட்டியலிலேயே மிகச் சிறிய விசிறி முந்நூறு கன அடி. மீதமாகும் இருநூற்று எண்பது கன அடிக்கு யார் பொறுப்பு என்று தணிக்கை கேட்டது. இருபது கன அடி விசிறி செய்து தர ஒப்பந்தப்புள்ளி கோரினார்கள். யாரும் வரவில்லை.

அவள் மெலிந்துகொண்டே வந்தாள். மருத்துவர் நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்தார். படத்தை வெளிச்சத்தில் இரண்டு தடவை திருப்பிப் பிடித்தார். பிறகு, "நோயாளி உடனே நல்ல காற்றோட்டத்தில் இருக்க வேண்டும்" என்று எழுதிக் கொடுத்தார். பிரிவு அதைத் திருப்பி அனுப்பியது. எவ்வளவு காற்று என்று குறிப்பிடப்படவில்லை. வைண்டிங்காரர் அந்தத் தாளோடு மறுபடி மருத்துவரிடம் போனார். மருத்துவர் அவரை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "ஒரு மனுசிக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு" என்று பேனா கிழிக்கும்படி எழுதினார். எந்த நிலைப் பணியாளரை மனுசி என்ற சொல் குறிக்கிறது என்று விளக்கம் கேட்டு அதுவும் திரும்பி வந்தது.

பதினாறாம் மாதம் அவர் தலைவரை மறுபடி பார்க்கப் போனார். இந்தத் தடவை தலைவர் மிக உற்சாகமாக இருந்தார்.

"உங்க வீட்டம்மா ஃபைல் எவ்வளவு தடிமன் தெரியுமா? மூணு கட்டு. எங்க பிரிவுலயே இதுதான் பெருசு. இப்ப ஒரு விஷயம் கவனிச்சீங்களா? அந்த ஃபைல் எங்க இருக்கு?"

"பதிவறையில சார்."

"ஆங்! அது வளர வளர ரூம்ல காத்து இருக்கிற இடம் குறையுது. இடம் குறையக் குறைய தேவையும் குறையுது. நாங்க எழுதுற ஒவ்வொரு பக்கமும் உங்க பிரச்சினைய கொஞ்சம் கொஞ்சமா தீர்த்துக்கிட்டே வருது. இன்னும் நாலஞ்சு வருஷம் பொறுத்துக்கிட்டா ஃபேனே தேவைப்படாது."

"அவளுக்கு அவ்வளவு நாள் இல்ல சார்."

"ஏன், எப்ப ரிடையராகுறாங்க?"

வைண்டிங்காரர் எழுந்து வந்துவிட்டார். வீட்டில் அவர் இதைச் சொல்லவில்லை. அவளே வேறொன்றைச் சொன்னாள்.

"இன்னைக்கு அளவர் வந்தாருங்க. திருத்திய கணக்காம். என்னை மறுபடி எடை பார்த்தாங்க."

"எவ்வளவு?"

"நாப்பத்து மூணு. ஒன்றரை கன அடி. ரூமுக்கு முக்கால் கன அடி காத்து கூடியிருக்குன்னு எழுதிக்கிட்டாரு. அப்புறம் உங்க ஃபேனையும் அளந்தாரு. அதுவும் ஒன்றரை. 'அம்மாவும் ஃபேனும் இப்ப ஒரே அளவு'ன்னாரு. சொல்லிட்டு அவருக்கே அழுகை வந்துடுச்சு பாவம். நான்தான் தண்ணி குடுத்தேன்."

கொஞ்ச நேரம் கழித்து அவளே சொன்னாள். "ஃபைலுக்கு நான்தாங்க நம்பர் போட்டேன். நாலாயிரத்து நூத்துப் பதினேழு. மூணாவது அலமாரி, மேல் தட்டு, இடது ஓரம். அங்கதான் பூச்சி வராது. ஞாபகம் வெச்சுக்குங்க."

"எனக்கு எதுக்கு அது?"

"சும்மா. எனக்கு உடம்பு முடியாம போனா அவங்களுக்கு எடுக்கத் தெரியாது."

அடுத்த வாரம் அவள் விடுப்பில் போனாள். மருத்துவமனையில் சேர்த்தார்கள். கட்டிலுக்கு நேர் மேலே, சுவரில், காற்றை வெளியே தள்ளும் துவாரம் ஒன்று இருந்தது. வைண்டிங்காரர் ஒரு துண்டுத் தாளை அதனருகே பிடித்துப் பார்த்தார். தாள் போய் ஒட்டிக்கொண்டது.

"எவ்வளவு இருக்கும்?" என்று கேட்டாள். இப்போது ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவே நிறுத்த வேண்டியிருந்தது.

"நல்ல இழுவை. மணிக்குப் பன்னெண்டு தடவை மாறும்."

"அதிகாரி ரூம் கணக்கு." அவள் சிரிக்கப் பார்த்தாள். "பதவி உயர்வு குடுத்துட்டாங்க."

செவ்வாய்க்கிழமை முற்பகல், ஒரு காற்று மாற்றத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில், அவள் இறந்துபோனாள்.

அலுவலகத்தில் இரண்டு நிமிடம் மௌனம் காத்தார்கள். பதிவறையை யாரிடமும் ஒப்படைக்க முடியவில்லை. ஒப்படைக்கும்போது பழைய காப்பாளர் நேரில் இருக்க வேண்டும் என்பது விதி. அவள் விடுப்பில் போன அன்று பூட்டிய கதவில் முத்திரை வைத்துவிட்டார்கள். தாள் கேட்டு வந்தவர்கள் மூடிய கதவைப் பார்த்துவிட்டுப் படியேறிப் போனார்கள்.

இருபத்திரண்டாம் மாதம் வைண்டிங்காரருக்கு ஒரு கடிதம் வந்தது. பொருள்: வெளியேற்று விசிறி கோரிய மனு, இறுதி முடிவு. அறையில் வந்துபோகிறவர்களின் எண்ணிக்கை தற்போது பூஜ்யம். பூஜ்யம் பெருக்கல் இருபது, சமம் பூஜ்யம். தேவை முழுவதும் நிறைவு செய்யப்பட்டதால், கைப்பற்றிய அயல்பொருளை, இயங்கும் நிலையில் உள்ளதா என்று பரிசோதித்துப் பெற்றுச்செல்லவும்.

அவர் போனார். படிக்கட்டின் அடியில் தலைவரும் அளவரும் காத்திருந்தார்கள். முத்திரையை உடைத்துக் கதவைத் திறந்தார்கள். வாடை முகத்தில் அடித்தது. தலைவர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். அவர் அந்த அறைக்கு வருவது அதுதான் முதல் தடவை.

"இங்க எப்படிய்யா இருந்தாங்க?" என்றார் அளவரிடம். அளவர் அலமாரிகளின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கோப்பை முடிக்க முதலில் கோப்பு வேண்டும். இருவரும் அரை மணி நேரம் தேடினார்கள்.

"மூணாவது அலமாரி, மேல் தட்டு, இடது ஓரம்" என்றார் வைண்டிங்காரர்.

அங்கேயே இருந்தது. தலைவர் கடைசிக் குறிப்பு எழுதுவதற்காகப் பக்கங்களைப் புரட்டினார். ஒவ்வொரு தாளின் மூலையிலும் 'பெறப்பட்டது' என்று தேதியோடு அவள் எழுதியிருந்தாள். முதல் கட்டில் அந்தச் சொல் அச்சடித்ததுபோல் இருந்தது. இரண்டாவது கட்டில் கோட்டை விட்டு இறங்கத் தொடங்கியது. மூன்றாவது கட்டின் முடிவில் முதல் எழுத்து மட்டும் இருந்தது, மீதி ஒரு கீறல்.

"ஃபேனைப் போடுய்யா" என்றார் தலைவர். "அஞ்சு நிமிஷம் ஓடணும், விதி."

அளவர் துணியை அவிழ்த்து, ஃபேனை மேசை மேல் கதவைப் பார்த்து நிறுத்தி, ஒயரைச் செருகினார். வைண்டிங்காரர் கைவைத்த மோட்டார், முனகல் இல்லாமல் உடனே சுற்றியது. ஃபேனுக்குப் பின்னால் இருந்த அறை முழுவதும் மெல்ல அசைந்தது. அலமாரிகளில் தொங்கிய நாடாக்கள் ஒரே பக்கமாகத் திரும்பின. தூசி ஓர் ஓடைபோலக் கதவை நோக்கிப் போனது.

"அடேயப்பா, நல்லா இழுக்குதே!" என்றார் தலைவர். கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுத்தார். "ரூமே மாறிடுச்சு. இதை முன்னாடியே மாட்டியிருக்கலாமேய்யா?"

வைண்டிங்காரர் தன்னையறியாமல் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். மூவாயிரம் கன அடி, நிமிடத்துக்கு எழுநூறு. நான்கு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலே. அதற்குள் இந்த அறையில் இருந்தது எல்லாம் படியேறி வெளியே போய்விடும்.

அப்போதுதான் மேசைக்குப் பக்கத்தில் சுவரில் அடித்திருந்த ஆணியைப் பார்த்தார். அதில் அவளுடைய கைக்குட்டை மாட்டியிருந்தது. முடிச்சு அவிழ்க்காமல், தலையிலிருந்து கழற்றிய வட்டம் அப்படியே இருந்தது. ஃபேன் இழுத்த இழுப்பில் அது கதவின் பக்கமாக நீண்டு துடித்தது.

பூட்டிய அறையில் காற்று எங்கேயும் போவதில்லை. இது அவருடைய தொழில். சன்னல் இல்லை, துவாரம் இல்லை, கதவுக்கு அடியில் அறுத்து விடவும் இல்லை. முத்திரை வைத்த பிறகு இங்கே யாரும் வரவில்லை. இந்த அறைக்குள் கடைசியாக மூச்சு விட்டவள் அவள்.

இரண்டு எட்டில் போய் சுவிட்சை அணைத்தார்.

இறக்கைகள் சுற்றிச் சுற்றி நின்றன. கைக்குட்டை சுவரோடு போய் ஒட்டிக்கொண்டது.

"என்னய்யா, ரெண்டு நிமிஷம் கூட ஆகல" என்றார் தலைவர்.

"போதும் சார். கதவைச் சாத்துங்க."

"இருபத்திரண்டு மாசமா இதுக்குத்தானே அலைஞ்சீங்க?"

"ஆமா சார். கதவைச் சாத்துங்க."

அளவர்தான் கதவைச் சாத்தினார். வைண்டிங்காரர் ஃபேனை எடுத்துக்கொள்ளவில்லை. வெறுங்கையோடு படியேறினார். தலைவர் அன்று பிற்பகலே, மூன்று சன்னல்களும் திறந்திருந்த தன் அறையில் உட்கார்ந்து, நாலாயிரத்து நூற்றுப் பதினேழாம் எண் கோப்பின் கடைசிப் பக்கத்தில் எழுதினார்:

"பரிசோதனையின்போது விண்ணப்பதாரரின் கணவரே விசிறியைத் தன் கையால் நிறுத்திவிட்டார். அறைக்குக் காற்றோட்டம் தேவையில்லை என்ற பிரிவின் நிலைப்பாடு இதனால் உறுதியாகிறது. அறையின் காற்று இருந்தபடியே உள்ளது. கோப்பை முடிக்கலாம்."